ரபீக்காவின் கடிதங்களுக்கு ஒரு பூட்டு

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுலோஜனாவின் கொமினிகேஷன் கடை. இணையத்தில் விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்கள் பாஸ்வேர்டையும் அவளிடமே விட்டுப்போவார்கள். "நீங்களே வச்சிருங்கோ தங்கச்சி." அவ்வளவையும் அவள் என்ன, மூளையிலா வைப்பாள்? கணினியின் பிரௌசரில் சேமித்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு மீன் வியாபாரி ஜமால்தீன் வருவார். அவர் மனைவி ரபீக்கா குவைத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே கண்மூடி மௌத்தானவர். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து மின்னஞ்சலில் கடிதம் அனுப்பியவர். ஜமால்தீனுக்கு ஆங்கில எழுத்துத் தெரியும், கூட்டி வாசிக்க ஏலாது. நாலு வருடமாக, வாரம் ஒரு பழைய கடிதத்தை சுலோஜனாதான் வாசித்துக் காட்டுகிறாள். 'கூடையைத் தூக்காதீங்கோ, இடுப்பு நோகும்' என்று வாசித்தால், மனிசன் இன்றைக்கும் இடுப்பைத் தடவுவார்.

ஒரு வெள்ளி அவருடைய மின்னஞ்சல் கணக்குத் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் பிழையாம். பிரௌசரைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தல் வந்தபோதெல்லாம், டேட்டா முடிந்துவிடுமே என்று 'பிறகு' என்பதையே அமத்தியவள் சுலோஜனா. அந்தப் பழைய பிரௌசரில் ஓட்டை இருந்தது. ஏதோவொரு இலவசப் பக்கத்தைத் திறந்த நேரம் அந்த ஓட்டையால் சேமித்த பாஸ்வேர்டெல்லாம் களவு போயிருந்தது; களவெடுத்தவன் ஜமால்தீனின் பாஸ்வேர்டை மாற்றியும் விட்டிருந்தான்.

"ஜமால்தீன் நானா, என்ர பிழைதான்."

"அவட கடிதங்கள் போயிட்டுதோ?" அவர் வேறொன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பாள், பாவம்.

மூன்று நாள் மல்லுக்கட்டினாள். கணக்கில் அவருடைய போன் நம்பர் இருந்ததால் தப்பியது, கடிதங்கள் அப்படியே கிடந்தன. பிரௌசரைப் புதுப்பித்தாள். சேமித்த பாஸ்வேர்டுகளை ஒன்றுவிடாமல் அழித்தாள். வாடிக்கையாளர் எல்லோருக்கும் கோல் எடுத்து, வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்லி, மாற்றச் சொன்னாள்.

அடுத்த வெள்ளி ஜமால்தீனைக் கதிரையில் இருத்தினாள். "இனி போனுக்கு வாற இலக்கமும் அடிச்சாத்தான் திறக்கும். பாஸ்வேர்டை நீங்களே போடுங்கோ. நீளமாப் போடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, எனக்கும்தான்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஒற்றை விரலால் எழுத்துத் தேடித் தேடி அடித்தார். கால் மணித்தியாலம் போயிற்று. அவள் திரும்பவேயில்லை.

"இப்ப திரும்புங்கோ தங்கச்சி." அவர் கண் கலங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பு. "அவ சொன்னதெல்லாம் உங்கட வாயாலதான் கேட்டனான். இண்டைக்குத்தான், இந்தப் பாஸ்வேர்டில, எனக்கும் அவவுக்கும் மட்டும் எண்டு ஒரு கதை இருக்கு."