சிவப்புக்கொடியாரின் பஞ்சுப் புகை

‘முதல்ல மன்னிக்கணும்’ என்று தட்டிவிட்டுத்தான் அவர் அடுத்த வரிக்கே போவார். மூக்குக் கண்ணாடிக் கடையின் மேசைக்குப் பின்னால், ஒரு கையில் யாரோ உடைத்துக்கொண்டு வந்த பிரேம், மறு கையில் போன். ‘உங்க பாலம் பிரமாதம், கண்ணு பட்டுடும். ஒண்ணே ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. தூண் லேசா சாஞ்ச மாதிரி இருக்கு. என் கண்ணு கோளாறாவும் இருக்கலாம்.’ கண்ணாடிக் கடைக்காரரே இப்படி எழுதினால் யார் நம்புவது?

வீட்டில் குட்டி ரயில் ஓட்டும் பெரியவர்களின் இணையக் குழு அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் அங்கே நடக்கும் மரியாதைக்கு முன்னால் புதுச் சம்பந்திகள் தோற்றார்கள். எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. குறை கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் இவர் ‘சிவப்புக்கொடி’. சொல்லாமல் இருக்கவும் முடியாது, சொன்னபின் சோறும் இறங்காது. பாவம், இரண்டுமே பிறவிக்குணம்.

வீட்டில் துணி மடிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு அதில் தண்டவாளம் போட்டிருக்கிறார். கடையில் கண்ணாடியின் திருகாணியை முடுக்கும் ஸ்க்ரூடிரைவர்தான் இங்கே எஞ்சின் சக்கரத்துக்கும். அவருடைய நீராவி எஞ்சினின் புகைபோக்கியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் புகை குழுவில் பிரசித்தம். வண்டி முன்னே போக, புகை பின்னே சாய்ந்து நுனியில் கரையும். அதன் தூசியைக்கூட அவரேதான் ஊதுவார். “அதுக்கு நடக்கிற உபசாரத்துல கால்வாசி எனக்கு நடந்தா போதும்” என்பார் மனைவி.

போன வாரம் கடையில் நல்ல கூட்டம். குழுவுக்குப் புதிதாக வந்த ‘கடைசிப்பெட்டி’, தான் செய்த முதல் எஞ்சினின் படத்தைப் போட்டிருந்தார். பஞ்சு முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது. இவர் அவசரத்தில், முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல், ‘புகை தப்பு’ என்று தட்டிவிட்டார். சாயங்காலம் பார்த்தால் படத்தைக் காணோம். ‘மன்னிக்கணுங்க, தெரியாம போட்டுட்டேன்’ என்று ஒரு வரி மட்டும் கிடந்தது. அடிபட்டவரே மன்னிப்புக் கேட்டுவிட்டால் அடித்தவர் எங்கே போவார்?

இவர் பக்கம் பக்கமாக எழுதினார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்காக மற்றவர்களும் ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். தன் மன்னிப்பு நீண்டுபோனதற்கு ஒருவர் தனியாக மன்னிப்புக் கேட்டார். கடைசிப்பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் இனி ரயிலையே தொடமாட்டாரோ என்று இவருக்கு மனசு அடித்துக்கொண்டது.

“ஆசையா செஞ்சு கொண்டுவந்து காட்டினாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்” என்று புலம்பினார்.

மனைவி துணி மடித்தபடியே கேட்டார்: “ஏங்க, காத்து பின்னாலிருந்து அடிச்சா புகை முன்னால போகாதா?”

அவர் குனிந்து தன் எஞ்சினின் புகையைப் பார்த்தார். “வண்டியைவிட வேகமா அடிச்சா போகும்.”

“அப்ப அவர் ஊர்ல காத்து பலமா இருக்கும்போல. இதுல என்ன தப்பு கண்டீங்க?”

மறுநாள் கடைக்குக் கிளம்புமுன் இடுக்கியை எடுத்தார். தன் பெயர்பெற்ற புகையை அடியோடு பிய்த்து, முன்பக்கமாகச் சாய்த்து, பசை வைத்தார்.

“ஐயோ, ஒட்டிட்டா திருப்ப முடியாதே!”

“முடியாதுதான்” என்றார். காயும்வரை பிடித்திருந்துவிட்டுப் படம் எடுத்தார்.

விரல் பழக்கதோஷத்தில் ‘முதல்ல மன்னிக்கணும்’ என்று தட்டியது. அதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். ‘கடைசிப்பெட்டி சார், இங்கயும் காத்து பின்னாலிருந்துதான் அடிக்குது’ என்று எழுதிப் படத்தோடு அனுப்பினார்.