போகப் போக செட் ஆயிடும்

அவளை எல்லோரும் பல்செட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்பக்கம், ஜன்னல் கம்பியெல்லாம் பிளாஸ்டர் தூசி படிந்த அறையில் உட்கார்ந்து, மெழுகில் பல் நட்டு நட்டு முதுகு ஒடிந்துபோனவள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு இவள் கையால் செய்தது. இவள் சிரித்து யாரும் பார்த்ததாக நினைவில்லை.

அவள் பிழைப்பே அந்த ஒரு இங்கிலீஷ் சொல்லில்தான் ஓடுகிறது. விடிந்தால் மகள் போனில் செட் பண்ணிக் கொடுத்த அலாரம். கிளினிக்குக்கு வந்தால் மேல் செட்டா, கீழ் செட்டா, முழு செட்டா என்ற கேள்வி. அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் செட் ஆகும்வரை கை கட்டிக் காத்திருக்க வேண்டும். செட் ஆகிவிட்டதென்றால் இறுகிவிட்டது என்று பொருள். பிறகு உடைக்கலாமே தவிர வளைக்க முடியாது. வீட்டுக்குப் போனால் டிவி செட்டுக்கு முன்னால் அசையாமல் வீட்டுக்காரர். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தபோதுகூட அவர், "வரன் செட் ஆயிடுச்சு" என்றுதான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். பிளாஸ்டருக்கும் கல்யாணத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ!

அந்த மகள்தான் போன வாரம் ஒரு பையோடு வந்து நின்றாள். "செட் ஆகலம்மா" என்றாள். அதற்கு மேல் அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அடி, உதை ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது பிடிக்கவில்லையென்றால் வாயை மூடிக்கொள்வார். மாசக்கணக்கில் திறக்க மாட்டார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இவள் சுவரோடு பேசிக்கொண்டு சாப்பிட வேண்டும். இதை மகள் போனில் சொன்னபோதெல்லாம் பல்செட்டக்கா ஒரே பதிலைத்தான் சொன்னாள். "கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடி. போகப் போக செட் ஆயிடும்."

அப்பாக்காரருக்கோ கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "செட் ஆகலையாம்ல! இது என்ன கடையில வாங்கின சட்டையா, திருப்பிக் குடுக்க? உங்கம்மாவுக்கு செட் ஆகலையா?" என்றார். அவரே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, இன்று சாயங்காலம் வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டார். பல்செட்டக்கா குறுக்கே பேசவில்லை. பேசிப் பேசி ஒன்றும் நடக்காத வீட்டில், பேசாமல் இருப்பதே பழகிவிடும்.

இன்று மதியம், டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். இவள் புதிதாகச் செய்து கொடுத்த கீழ் செட் சட்டைப் பையில் இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னண்ணே, பல்லு வாயில இருக்கணுமா, பையில இருக்கணுமா?"

"வாயிலதான்மா இவ்வளவு நாளும் இருந்துச்சு. இன்னைக்குத் தண்ணிகூட இறங்கல."

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஈறு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண்.

"ஏண்ணே முன்னாடியே வரல?"

"நீதானம்மா சொன்ன, புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போக செட் ஆயிடும்னு. சரி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போம்னு பார்த்தேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அதைக் கடிக்கத்தான் முடியல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செட்டில் உறுத்துகிற இடத்தை மெஷினில் கொடுத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "புண்ணு ஆறுற வரைக்கும் இதைப் போடாதீங்க. இனிமே உறுத்துச்சுன்னா அன்னைக்கே கழட்டி வச்சிடுங்க" என்றாள்.

"கழட்டலாமா?" கண்டக்டர் குழந்தை மாதிரி கேட்டார். "திட்டுவியோன்னு நினைச்சு பயந்துட்டேன்மா."

அவர் போன பிறகும் மெஷினை நிறுத்த அவளுக்குத் தோன்றவில்லை. அது சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரார் ஈறுக்கு இவ்வளவு பதறுகிறோமே, பெற்ற பெண்ணுக்கு ஏன் பதறவில்லை? ஊற்றி வைத்த பிளாஸ்டரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. மகளின் பை வாசல் கதவோரம் தயாராக நின்றது. மகள் தலை வாரி, முகம் கழுவி, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பல்செட்டக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் விண் விண்ணென்று தெறித்தது.

மகள் தலை நிமிராமல் கேட்டாள். "அம்மா, உனக்கு எப்பம்மா செட் ஆச்சு?"

வழக்கமான பதில் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பல்செட்டக்கா வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகப் பார்க்கிற முதுகு!

"எனக்கு இன்னும் ஆகலடி."

டிவி சத்தம் குறைந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். ரிமோட் அவர் கையிலேயே இருந்தது. மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்டர் ஒட்டிக் காய்ந்த சொரசொரப்பான கை.

காலிங் பெல் அடித்தது. மகள் பையைப் பார்த்தாள். பல்செட்டக்கா முழங்காலில் கை ஊன்றி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மாப்பிள்ளைதான். வழக்கம்போல் ஒன்றும் பேசாமல், பையை எடுக்கக் குனிந்தார்.

அதற்குள் அவள் பையைக் காலால் உள்ளே தள்ளியிருந்தாள்.

"உள்ள வாங்க மாப்பிள்ளை, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "அவ வரல."