பத்துக்கு இரண்டு

செவ்வாய்க்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "நாகவேணி மேடம் காலமானார், கெலமங்கலம் வீட்டில்." கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. தாளாளர் மட்டும் மெனக்கெட்டு எழுதியிருந்தார்: "எங்கள் சேர்க்கைக் குழுவின் தூண் சாய்ந்தது." அதற்கு அடியிலேயே அலுவலகத்தின் அறிவிப்பு: "நாளை மாணவர் சேர்க்கை நேர்காணல். குழுவினர் ஒன்பது மணிக்கு ஃபார்மல் உடையில் வரவும்." கைகூப்பிய வேகத்தில் இரண்டு பேர் அதற்கும் கைகூப்பியிருந்தார்கள்.

அந்தத் தூணை மூன்று வருடங்களுக்கு முன் பெயர்த்தெடுத்து விடுதிச் சாப்பாட்டுக் குழுவில் நட்டு வைத்தவர் இதே தாளாளர்தான். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மேடத்தோடு வேலை பார்த்த நண்பர்கள் சிலர் ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். அதற்கு எழுதித் தரச் சொன்னார்கள். தாளாளர் படிக்கக்கூடும். படிக்கட்டும்.

நாகவேணி மேடம் ஓசூரில் எங்கள் தனியார் கல்லூரியின் கணிதத் துறையில் இருந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வகுப்பில் தமிழ், கோபம் வந்தால் ஆங்கிலம். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து தமிழ்த் துறையில் சேர்ந்தவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பதினாறு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. அவரை அன்பானவர், சாந்தமானவர் என்றெல்லாம் இந்த மலரில் யாராவது எழுதியிருந்தால் அவர்கள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் கண்டதையும் துச்சமாகப் பார்ப்பவர். எங்களில் பலருக்கு அந்தப் பார்வை கீழே இருப்பவர்களிடம்தான் வேலை செய்யும். அவருக்கு மேலே பார்க்கும்போதும் வேலை செய்தது.

தாளாளர் பெங்களூரில் ஏதோ ஒரு சொகுசு விடுதியில் இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்விட்டு வந்தார். வரும்போது "முழு ஆளுமை மதிப்பீடு" என்ற ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். அதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இனிமேல் அது அறுபதுக்குத்தான். மீதி நாற்பது நேர்காணலுக்கு. ஆளுமை, தொடர்புத் திறன், குடும்பப் பின்னணி, கூடுதல் திறமைகள் என்று நான்கு கட்டம், கட்டத்துக்குப் பத்து. கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். நாகவேணி மேடம் கையைத் தூக்கினார்.

"குடும்பப் பின்னணிக்குப் பத்து மார்க்குன்னா, அப்பா இல்லாத புள்ளைக்கு எத்தன கழிக்கணும் சார்? அம்மாவும் இல்லன்னா மைனஸ்ல போகலாமா?"

தாளாளர் சிரித்துச் சமாளித்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அந்தக் கட்டம் இன்றுவரை படிவத்தில் இருக்கிறது.

நேர்காணல் குழுவில் மூன்று பேர். வணிகவியல் துறைத்தலைவர்தான் தலைவர். ஆளுமையும் குடும்பப் பின்னணியும் அவர் கையில். தொடர்புத் திறன் எனக்கு, தமிழ் ஆசிரியன் என்பதால். கூடுதல் திறமைகள் நாகவேணி மேடத்துக்கு. முதல் நாள் ஒரு பையன் கண்ணாடிச் சட்டம் போட்ட உலக சாதனைச் சான்றிதழ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்ன சாதனை என்று மேடம் கேட்டார். ஒரு மைதானம் நிறையப் பிள்ளைகள் நின்று ஒரே நேரத்தில் கை கழுவினார்களாம்.

"அதுக்கு முன்னாடி கழுவுனதே இல்லையா கண்ணு?"

பையனே சிரித்துவிட்டான். மேடம் அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டார். அடுத்து வந்த பெண்ணிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அவளுக்கும் பத்து. அன்று வந்த எல்லோருக்கும் பத்து. தலைவர் பதறிப்போய், வித்தியாசப்படுத்தத்தானே மேடம் இந்தக் கட்டம் என்றார். "ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வந்து உங்க மூஞ்சிய பாத்துக்கினு உக்காந்திருக்குதே, அதுவே தெறமைதான்" என்றார் மேடம்.

விண்ணப்பத்தோடு ‘என் கனவு’ என்று ஒரு பக்கம் எழுதி இணைக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இதற்காகவே பிழைத்துக்கொண்டிருந்தது. பெயரை மாற்றி மாற்றி ஒரே கனவை அச்செடுத்துக் கொடுத்தார்கள். பெண்கள் பள்ளியிலிருந்து வந்த ஒருத்தியின் கனவில், அவள் ஆண்கள் பள்ளியின் கபடி அணித்தலைவராக இருந்திருந்தாள். தலைவர் அதைக் கவனிக்காமல் ஆளுமைக்கு எட்டு போட்டிருந்தார். மேடம் அந்தத் தாளை எங்கள் முன்னால் வைத்து, "டைப் அடிச்சவருக்கே ஒரு சீட்டு குடுத்துரலாம் சார், எல்லா பசங்களுக்கும் அவருதான் கனவு கண்டிருக்காரு" என்றார்.

இவ்வளவும் நகைச்சுவையாகவே போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் நடந்த நேர்காணலுக்கு மாதேவி என்ற பெண் அஞ்செட்டிக்கு உள்ளே ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்திருந்தாள். கணிதப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம். பிளஸ் டூவில் கணிதத்தில் நல்ல மதிப்பெண், மற்றதில் சுமார். மேதை ஒன்றும் இல்லை, இடம் கிடைக்க வேண்டிய ஒரு பிள்ளை, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். ஏன் என்று தலைவர் கேட்டார்.

"ரோட்ல ஆனை நின்னுக்கிச்சு சார். தேன்கனிக்கோட்டை பஸ்ஸு உட்டுட்டன்."

தலைவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிச் சொல் என்றார் தலைவர். பெயரும் ஊரும் சொன்னாள், பிறகு நின்றுவிட்டாள். தமிழில் சொல்லலாம் என்று நான் பெரிய மனதோடு அனுமதி கொடுத்தேன். அவள் வீட்டு மொழி கன்னடம். பாதி கன்னடத்தில் உருண்டு வந்த அவளுடைய தமிழைக் கேட்டு நான் மறுபடியும் சிரித்தேன். அவளும் பதிலுக்குச் சிரித்தாள். தொடர்புத் திறன் கட்டத்தில் இரண்டு போட்டேன்.

அவள் வெளியே போனதும் மேடம் என் தாளை எட்டிப் பார்த்தார். "ரெண்டா?"

"தமிழே சரியா வரல மேடம்."

"நீங்க தமிழ் வாத்தியார் சார். வராத புள்ளைக்கு சொல்லிக்குடுக்கத்தான் உங்களுக்கு சம்பளம். வந்த புள்ளைக்கு நீங்க எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் என் பதவி உயர்வுக் கோப்பு நகர வேண்டியிருந்தது. இரண்டை நான் திருத்தவில்லை.

மொத்தம் கூட்டியபோது மாதேவிக்கு மூன்று மதிப்பெண் போதவில்லை. நான் ஐந்து போட்டிருந்தால் அவள் உள்ளே. பட்டியலில் மேடம் கையெழுத்துப் போட மறுத்தார். "நான் பார்க்காத எதையும் பார்த்ததாக எழுத முடியாது" என்று ஓரத்தில் எழுதிவிட்டு எழுந்து போனார். மூன்றில் இரண்டு கையெழுத்து போதும் என்று அலுவலகம் சொன்னது. ஒன்று தலைவருடையது. இன்னொன்று என்னுடையது.

பட்டியல் ஒட்டுகிற நாளில் மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் குடையோடு போய் நிற்பார். பெயர் இல்லாத பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, போட்டது யார் என்று சொல்லி அனுப்புவார். இது ரகசியம் மேடம் என்று தலைவர் ஒருமுறை தடுத்துப் பார்த்தார். "ரகசியம்னா சொல்றீங்க? வெக்கம்னு சொல்லுங்க, ஒத்துக்கறன்" என்றார். அன்றும் நின்றார். மாதேவி பட்டியலை மூன்று தடவை மேலிருந்து கீழே படித்ததை நான் ஆசிரியர் அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேடம் அவளை மரத்தடிக்கு அழைத்துப்போய் ஏதோ சொன்னார். அவள் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

எங்கள் கல்லூரிக்கு எதிரிலேயே, சேர்க்கை நடக்கும் மாதத்தில், ஒரு செல்போன் உதிரிபாகக் கம்பெனி பந்தல் போட்டு ஆள் எடுக்கும். பிளஸ் டூ முடித்த பெண்களுக்குக் கண் பரிசோதனை, விரல் பரிசோதனை, பத்து நிமிடத்தில் முடிவு. மேடம் அதைக் காட்டிச் சொல்வார்: "கண்ணு தெரியுதா, வெரல் ஆடுதான்னு பாக்கறான். வேலைக்கு என்னா வேணுமோ அத பாக்கறான். நாமதான் சார், கணக்கு படிக்க வந்த புள்ளைய பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறம்." மாதேவி அந்த வாரமே அந்தப் பந்தலுக்குப் போனாள். அவர்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அடுத்த வாரம் மேடத்தைச் சாப்பாட்டுக் குழுவுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

மேடம் அதற்குப் பிறகும் என்னோடு பேசினார். வணக்கம் சொன்னார், பேனா கேட்டார், விடைத்தாள் கட்டு மாற்றிக்கொண்டார். மாதேவி பெயரை மட்டும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன மாதம் கெலமங்கலத்துக்கு அவரைப் பார்க்கப் போனேன். டயாலிசிஸ் முடிந்து களைத்துப் படுத்திருந்தார். உடம்பைப் பற்றி விசாரித்துவிட்டு, எழுந்திருக்கும் நேரத்தில் ஒருவழியாகக் கேட்டேன்.

"அந்த அஞ்செட்டிப் பொண்ணு இப்ப என்ன பண்றா மேடம்?"

"கம்பெனிலதான் இருக்கா. அதுக்கு அடுத்த வருசமே கவர்ன்மென்ட் காலேஜுக்கு அப்ளிகேசன் போடலாம்னு ரெண்டு தபா அவ ஊருக்கே போனன். வரமாட்டன்னுட்டா. எனக்கு பேச வராது மேடம், காலேஜ்லயே மார்க் போட்டு சொல்லிட்டாங்களேன்னா."

எங்கள் நாற்பது மதிப்பெண்ணை மனதார நம்பிய ஒரே ஆள் அவள்தான் போலிருக்கிறது. தாளாளர்கூட அதை நம்பியதில்லை. அந்த இரண்டு மார்க் யார் போட்டது என்று அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அன்னிக்கே பேரோட சொன்னன். அவ நம்பல சார். அந்த சாரு நல்லவரு மாதிரி சிரிச்சாரே மேடம்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மேடம் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை, ஆங்கிலமும் வரவில்லை.

"நானும் அப்பிடித்தான் நெனச்சிருந்தன்னு சொன்னன்."

வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டம். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடைசிச் சந்திப்பில் அவர் என்னை மன்னித்தார் என்று சொன்னால் அரங்கம் உருகும், தாளாளர் முதல் ஆளாகக் கைக்குட்டையை எடுப்பார். அவர் மன்னிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பதினாறு வருடத்தில் அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: ஒரு காலத்தில் அவர் என்னை நல்லவன் என்று நினைத்திருந்தார், அந்தக் காலம் எந்த நாளில், எந்தக் கட்டத்தில் முடிந்தது என்று எனக்குத் தெரியும்.