உள்ளங்கையில் கல்லை அளந்து காட்டியவர்

செய்தி வந்தபோது வீட்டில் நான் இருந்தேன், மகன் முத்துவேல் இருந்தான், மருமகள் பாண்டியம்மாள் இருந்தாள், கொழுந்தன் சேதுராமுவும் இருந்தார். பேரை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. ராமநாதபுரத்து ஸ்கேன் நிலையத்தில் வேலை பார்த்த சகாயமேரி அவர்கள் மாரடைப்பில் போய்விட்டார் என்று அவர் ஊரான மண்டபத்திலிருந்து போன் வந்தது. போனை வைத்த முத்துவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். 

அவனுக்குப் பிறவியிலேயே ஒற்றைச் சிறுநீரகம். கருவேல விறகை அடுக்கி மண் பூசி எரித்துக் கரியாக்கும் மூட்டத்து அனலில் நின்று வேலை செய்கிறவன். அந்த ஒன்றிலும் கல் விழுந்தது. சின்னக் கல்தான் என்று ஒரு வருடம் இருந்துவிட்டோம். வலி திரும்பியதும் இரண்டாம் தடவை ஸ்கேன் எடுக்கப் போனோம்.

மூட்டத்தைக் கயிறு பிடித்து அளந்து இத்தனை மூட்டை கரி தேறும் என்று சொல்வதில் என் கொழுந்தன் கெட்டிக்காரர். அந்தப் பெருமையை அங்கேயும் பேசிக்கொண்டிருந்தார். கைக்கு வந்த புதுப் படத்தையும் பழைய படத்தையும் வெயிலில் தூக்கிப் பிடித்தார். வெள்ளைப் புள்ளிமேல் நூலை வைத்துப் பார்த்தார்.

"நீளம் கூடல மதினி. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

உள்ளேயிருந்து சகாயமேரி எட்டிப் பார்த்தார். "அண்ணே, மூட்டத்த நீளத்த மட்டும் பாத்தா கரி எம்புட்டுன்னு சொல்லுவீக? அகலம் உசரம் பாக்க மாட்டீகளா? செத்த இருங்க, அளந்துட்டு வாரேன்."

என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். வெங்காயத்தை அரிந்தாற்போல என் மகன் உடம்பை அந்தக் கம்ப்யூட்டர் வில்லை வில்லையாகக் காட்டியது. ஒவ்வொரு வில்லையிலும் கல்லின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். எல்லாவற்றையும் சேர்த்துக் கல் மொத்தம் எவ்வளவு என்று அது சொன்னது. பழைய சீடியையும் போட்டு அதே மாதிரி அளந்தார். கணக்கைப் பார்த்தவர் முகம் மாறியது. மறுபடி முதலிலிருந்து கோடு போட்டார். 

பிறகு ஊசிக் குழாயில் தண்ணீர் எடுத்து என் உள்ளங்கையில் சில சொட்டு விட்டார். "பெரியம்மா, போன வருசம் கல்லு இம்புட்டு." மேலும் விட்டார், கைக்குழியில் தேங்கியது. "இப்ப இம்புட்டு. மூணு பங்கு. நீளம் அப்படியேதான் இருக்கு, வயிறு ஊதிருச்சு. வழிய அடைச்சுட்டா இன்னொரு சிறுநீரகத்துக்கு எங்கன போவீக? இன்னைக்கே மதுரைக்குப் போங்க."

படியிறங்கும்போதே கொழுந்தன், "கமிஷனுக்குப் பயங்காட்டுறா" என்றார். அவர் அளந்தால் தப்பாது என்று நாங்களும் ஊருக்குத் திரும்பும் அபிராமம் பஸ்ஸில் ஏறிவிட்டோம். சீடியைக்கூட வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் சகாயமேரி அந்தச் சீடியோடு ஊர் விசாரித்து வந்துவிட்டார். வாசலில் கொழுந்தன் மறித்தார். "யாரு ஒன்னையக் கூப்புட்டா? கல்லு அளக்குறேன்னு வீடு வீடா வாறியாக்கும்?" பாண்டியம்மாள் கொண்டு வந்த தண்ணீர்ச் செம்பை வாங்கித் திண்ணையோரம் கவிழ்த்தார்.  சகாயமேரி அவரைத் தாண்டி உள்ளே வந்து முத்துவேலின் வீங்கிய காலை விரலால் அமுக்கினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"ஏலே தம்பி, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போன?"

"நேத்துக் காலையில அக்கா."

கார் பிடித்து அவரும் கூடவே மதுரைக்கு வந்தார். அன்றே சிறுநீர் இறங்கக் குழாய் போட்டார்கள்; பிறகு கல்லை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று அங்கே டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். இன்றைக்கும் அவன் கொல்லைப்பக்கம் போனால் திரும்பி வரும்வரை எனக்கு மூச்சு வராது. அடுத்த ஸ்கேனை இனி யார் அப்படி அளப்பார்கள்?

நேற்று மண்டபத்தில் அடக்கம். எல்லோரும் மண் அள்ளிப் போட்டார்கள். நான் உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திப் போய், அவர் காட்டிய அளவுக்கு அந்த மண்ணில் விட்டேன். எங்கள் வீட்டில் குடிக்காமல் போன தண்ணீர், மேரியம்மா. போய் வாருங்கள்.

நூல் வைத்து அளந்தவர் பேச்சைக் கேட்டு பஸ் ஏறிய என்னை மன்னித்துக்கொள்வேன். மூச்சுக் காட்டாமல் வலி பொறுத்த மகனை மன்னித்துவிட்டேன். பெரிய மாலையோடு வந்து முன்வரிசையில் நின்றாரே, செம்பைக் கவிழ்த்தவர், என் கொழுந்தன் சேதுராமு. அவரை மன்னிக்க மாட்டேன்.