முள்குவியலின் அடியில் ஒரு செதில் பல்லி

புலி பார்க்க விடுப்புக் கேட்டால் அலுவலகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். பல்லி பார்க்க என்றால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள். ஆவணிக் கடைசியில், மழைக்கு முன்பாக, சாயல்குடிப் பக்கம் போனேன். நான் தேடிய செதில் பல்லி விரல் நீளம்தான். தமிழ்நாட்டின் வறண்ட சில பகுதிகளையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் கிடையாது. சுவரேறாமல் மணல்தரையில் வாழ்வது.

ராமநாதபுரத்தில் காலை ஐந்தரைக்குப் பேருந்து. ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ, இருநூறு ரூபாய். "எங்க வீட்டுல ஏழு பல்லி கெடக்கு சார். மொத்தமா ஓட்டிட்டுப் போங்க, காசே வேணாம்" என்றார் ஓட்டுநர்.

அவர் இறக்கிவிட்ட புஞ்சையில் கருப்பையாவும் மனைவி மாரியம்மாளும், வெட்டிக் குவித்த கருவேல முள்ளைக் கொளுத்த நின்றார்கள். ஒன்பது மணிக்கு உழவு டிராக்டர். அதற்குள் நிலம் காலியாகாவிட்டால் வண்டி அடுத்தவர் புஞ்சைக்குப் போய்விடும்; திரும்பி வருவதற்குள் மழை முந்தினால் விதைப்பு போச்சு.

மாரியம்மாள் குவியலைக் கம்பால் தட்டினார். "போங்க, போங்க, நெருப்பு வருது." இங்கே கொளுத்துமுன் அப்படிச் சொல்லிவிடுவது வழக்கம். இரண்டு எலியும் ஓர் அரணையும் ஓடின. தீப்பெட்டியை எடுத்தார்.

நான் தயங்கியபடி சொன்னேன்: நான் தேடி வந்த பல்லி இதற்கடியில் இருக்கலாம்; அது சத்தம் கேட்டால் ஓடாது, அசையாமல் படுத்துக்கொள்ளும்.

"பல்லிக்குப் பாத்தா வெதப்பு என்னாகுறது? இவரு ஊருக்குப் போயிருவாரு" என்றார் கருப்பையா.

"தட்டுனா போயிரும்னுதான தட்டுனேன். போகாதுன்னு தெரிஞ்ச பெறகு எப்பிடிக் கொளுத்துறது?" கவைக்கம்பை எடுத்து முள்ளை வரப்போரம் தள்ளத் தொடங்கினார் மாரியம்மாள். முனகிக்கொண்டே கருப்பையாவும் ஒரு கம்பெடுத்தார். நானும் தள்ளினேன், உதவியைவிட ரத்தம்தான் அதிகம்.

கடைசி அடுக்கை விலக்கியபோது மணலின் ஒரு துண்டுக்குக் கண் இருந்தது. மீனுக்கு இருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில் அடுக்கிய உடம்பு. யாரோ பொறுமையாக ஓடு வேய்ந்ததுபோல. அருகே பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள். அதனுடையவைதானா என்று சத்தியம் செய்யமாட்டேன். மூவரும் குனிந்து பார்த்தோம். அது எங்களைப் பொருட்படுத்தவில்லை.

"நாப்பது வருசமா உழுவுறேன்," கருப்பையாவின் குரல் கோயிலுக்குள் பேசுவதுபோலத் தணிந்திருந்தது. "இங்கன இது இருக்குன்னே தெரியாதே."

மாரியம்மாள் ஒரு கவை முள்ளை மட்டும் அதன்மேல் நிழலாகத் திரும்பப் போட்டார். மற்றதெல்லாம் வரப்போரம் எரிந்தது.

ஒன்பது மணிக்கு வந்த டிராக்டர்காரர், "இதென்ன நடுவுல முள்ளு? எடுத்துப் போடுங்க" என்றார்.

"ஏலே, அங்கன ஆளு குடியிருக்கு. சுத்திப் போ" என்றார் கருப்பையா.

போக நினைப்பவர்களுக்கு: தடித்த செருப்பும் தண்ணீரும் அவசியம். நிலத்துக்காரரைக் கேட்காமல் நுழையாதீர்கள்; புரட்டிய கல்லை இருந்தபடியே வையுங்கள். பார்க்காமல் திரும்பவே வாய்ப்பு அதிகம். சாயல்குடிப் பக்கம் என்பதற்குமேல் இடத்தைச் சொல்லப்போவதில்லை. கட்டில் அகலமுள்ள அந்தச் சரணாலயத்துக்கு வேலி இல்லை, அரசாணை இல்லை. அதன் எல்லை டிராக்டர்காரருக்குத் தெரியும், அது போதும்.