நாக்கில் படாத வைன்

சிட்னியில் ஹோம்புஷ் வைன் கடையைப் பொறுப்பெடுத்த முதல் வாரத்தில் மாமா செய்த பெரிய வேலை, படுத்துக் கிடந்த போத்தல்களை எல்லாம் நிமிர்த்தி வைத்ததுதான். கடையை எங்களுக்கு விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் புறப்பட்ட பழைய முதலாளி, சிவப்பு வைன் போத்தல்களைப் பின்னறை இருட்டில், நிலத்தை ஒட்டிய தட்டுகளில் கிடத்தி வைத்திருந்தார். மாமாவுக்கு அது கண்ணில் குத்தியது. "குடிச்சுப்போட்டு விழுந்து கிடக்கிறவங்கள் மாதிரியெல்லோ கிடக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டி, கடையின் முன்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே இருந்த மேல்தட்டில் லேபல் தெருவைப் பார்க்க நிறுத்தினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மனிதர் விழுந்துவிடுவாரோ என்பதுதான் அன்று என் பயம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும். ஆனால் பயப்பட வேண்டிய விஷயத்துக்கு மட்டும் உரிய நேரத்தில் வராது.

மாமா என் கணவரின் அப்பா. அவருடைய தாத்தா கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல்காரருக்கும் தோட்டத்துத் துரைமாருக்கும் வைனும் பிராண்டியும் விற்கத் தொடங்கியவர். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மாமாவுக்கு என்று கடை கைமாறி வந்தது. கைமாறும்போதெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. கடையில் இருக்கும் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றி, கடைக் கதவின் திறப்பைக் கையில் வாங்குகிறவர் அந்த விளக்கின் முன்னால், விற்கிற சரக்கில் ஒரு துளியும் நாக்கில் பட விடமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். மூன்று தலைமுறை அப்படியே இருந்தது. ஊரில் அவர்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததே அதுதான். என் அப்பா ஒரு தலைமையாசிரியர். சாராயக்கடைக் குடும்பத்தில் பெண் கொடுப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர், "வித்ததே தவிர வீட்டில ஒருத்தரும் தொடேல்லை" என்று நாலு பேர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். ஆகவே அந்தச் சத்தியத்தில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அது இல்லாவிட்டால் நான் அந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கணவருக்குச் சிட்னியில் பொறியியலாளர் வேலை கிடைத்தது. மாமி காலமான பிறகு மாமா கொழும்புக் கடையை விற்றுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். கையில் இருந்த அத்தனையையும் ஹோம்புஷ் கடையில் போட்டார். இன்றைக்கு அங்கே தோசை மணக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருவில் தமிழ் கேட்டால் அது எங்கள் வாயிலிருந்துதான் வந்திருக்கும். காலையில் மாமாவும் பின்னேரத்தில் நானும் மாமாவுமாகக் கடையைப் பார்த்தோம். 'இந்த வைன் எப்படி இருக்கும்?' என்று யாராவது கேட்டால், மாமா சரக்குக் கொண்டுவருகிறவர் சொல்லிக் கொடுத்ததைத் தேவாரம் மாதிரி ஒப்புவிப்பார். கேட்கிறவர்கள் தலையாட்டி வாங்கிப்போவார்கள். ஒருவரும் 'நீங்கள் குடித்துப் பார்த்தீர்களா?' என்று கேட்டதில்லை. வைன் கடைக்காரனிடம் போய் யார் அப்படிக் கேட்பார்கள்? கேட்டுவிடுவார்களோ என்று நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் அவசரமாகப் போத்தலைக் கடதாசியில் சுற்றத் தொடங்குவேன்.

கீழ்த்தட்டுச் சரக்கு வாரத்துக்கு வாரம் விற்றுப் போனது. மேல்தட்டுப் போத்தல்களை மாமா விற்காமல் வைத்திருந்தார். பழசாகப் பழசாகச் சிவப்பு வைனுக்கு மவுசு என்று அவருக்குத் தெரியும். அவரைப் பொறுத்தவரை அது எங்கள் வீட்டுப் பவுண் நகை. இரண்டு கோடைகள் கழிந்த பிறகு, கெஞ்சிக் கேட்ட ஒருவருக்கு அதிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். அந்த ஆள் மறுநாளே முக்கால் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கெட்டுப்போய்விட்டது என்றார். மாமா வேறொன்று கொடுத்து அனுப்பிவிட்டு, "கால்வாசியைக் குடிச்சுப்போட்டுக் கொண்டு வாறான், கள்ளன்" என்று என்னிடம் சிரித்தார். அடுத்த மாதம் மேல்தட்டுப் போத்தல் வாங்கிய இன்னொருவரும் அப்படியே கொண்டுவந்தார். அவர் கள்ளனாக இருக்க முடியாது. தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிப் போஸ்ட்மாஸ்டர் மகளின் கல்யாணத்துக்கு வைன் கேட்டு வந்தார். நாங்கள் அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்தபோது முதலில் கை கொடுத்தவர் அவர். மாமாவின் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று அவரிடமே திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகியவர். அவர் வாங்கினால் தெருவே வாங்கும், அவர் முகம் சுளித்தால் தெருவே சுளிக்கும். மாமாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. மேல்தட்டுச் சரக்கு முழுவதையும் அவருக்கென்று ஒதுக்கிவிட்டார். கல்யாணம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பின்னேரம் போஸ்ட்மாஸ்டர் வண்டியோடு வருவதாகப் பேச்சு.

நான் கணவரைப் பிடித்தேன். "இஞ்சாருங்கோ, அந்தப் போத்தல் பழுதாப் போயிருந்தா என்ன செய்யிறது? கல்யாண வீட்டில எல்லாரும் வாயில வைப்பினமெல்லோ?" அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பாவுக்குத் தெரியாத வியாபாரமே? சும்மா இரும்" என்றார். வேறு வைன் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், எங்களுக்கு வைன் தெரியாது என்று நாங்களே தண்டோரா போடுவது மாதிரி. மாமாவைக் குடித்துப் பார்க்கச் சொல்வது நினைக்கவே முடியாத காரியம். மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. விளக்கின் முன்னால் நான் சத்தியம் செய்யவில்லை என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டேன். ஆனால் ஊரில் என் அப்பா உயிரோடு இருந்தார். மருமகள் கடைக்குள் நின்று குடித்தாள் என்று ஒரு பேச்சுப் போனால் அவர் தெருவில் இறங்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்து, விரதச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். மாமா பின்னறையில் போத்தல் அடுக்கப் பெட்டிகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். நான் முன்பக்கம் மேசைக்குக் கீழே குந்தியிருந்து மேல்தட்டுப் போத்தல் ஒன்றைத் திறந்தேன். தக்கை எடுக்கிற திருகி எத்தனையோ விற்றிருக்கிறேன், ஒரு நாளும் நானே திருகியதில்லை. தக்கை காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து உள்ளே விழுந்தது. பிள்ளையார் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். புளித்தது, கசந்தது, தொண்டை எரிந்தது. ஆனால் வைன் என்றாலே இப்படித்தானோ? எனக்கு எப்படித் தெரியும்! மலைத்துப் போனேன். பிறகு கீழ்த்தட்டிலிருந்து அந்த வாரம் வந்த ஒன்றை எடுத்துத் திறந்தேன். தக்கை ஈரமாக முழுசாக வந்தது. அதைக் குடித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் பழத்தின் வாசனை இருந்தது. மறுபடி முதல் போத்தல். சந்தேகமே இல்லை, குசினியில் மாங்காய் அச்சாறு போட நான் ஊற்றுகிற வினாகிரிதான் அது.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

மாமா கதவடியில் நின்றார். இரண்டு போத்தல்களும் திறந்திருந்தன, கையில் கிளாஸ் இருந்தது, என் வாயிலிருந்து மணம் வந்திருக்கும். மறைக்க ஒன்றுமில்லை. "வினாகிரியாப் போச்சு மாமா. அவருக்குக் குடுக்காதேங்கோ" என்றேன். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மேல்தட்டை ஒருமுறை பார்த்தார், தெருவைப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டரின் வண்டி வர இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. பிறகு போய்ப் பிள்ளையார் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பின்னறையில் வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த கிளாஸை வாங்கினார்.

"மாமா, வேண்டாம். அதுதான் நான் பாத்திட்டனே."

"அந்தாள் கேக்கும், ஆர் குடிச்சுப் பாத்தது எண்டு. நான் உம்மட பேரைச் சொல்ல ஏலாது. பொய்யும் சொல்ல ஏலாது."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினார். முகம் கோணியது. கிளாஸைத் தானே கழுவித் துடைத்து வைத்தார். "இனிச் சொல்லலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போஸ்ட்மாஸ்டர் வந்ததும் மாமா வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். போஸ்ட்மாஸ்டர் கேட்டேவிட்டார், எப்படித் தெரிந்தது என்று. தானே குடித்துப் பார்த்ததாகச் சொன்னார் மாமா. போஸ்ட்மாஸ்டர் மேல்தட்டை நிமிர்ந்து பார்த்து, தக்கை நனையாவிட்டால் காய்ந்து உள்ளே காற்றுப் புகுந்துவிடும், இந்தச் சூட்டில் போத்தலை நிமிர்த்தி வைக்கலாமா என்று பரிதாபப்பட்டார். நாங்கள் அந்த வாரத்துச் சரக்கையே கட்டிக் கொடுத்தோம். கல்யாணம் நல்லபடி நடந்தது. விருந்து கெட்டுப்போகுமுன் உண்மையைச் சொன்ன கடைக்காரன் என்று மாமாவுக்கு நல்ல பெயர்தான் வந்தது, கடையும் பிழைத்துக்கொண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா மகனைப் பார்த்து, "தம்பி, நான் இண்டைக்கு வைன் குடிச்சனான்" என்றார். கணவரின் கை சோற்றிலேயே நின்றது. "ஏன் அப்பா?" என்று கேட்டபோது அவர் குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருந்தது. "பாக்க வேண்டி வந்தது, பாத்தனான்" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "பிள்ளை, கொஞ்சம் சொதி விடும்" என்றார். அதற்கு மேல் அவர் ஒருவரிடமும் விளக்கம் சொன்னதில்லை.

விஷயம் எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. மாமா காலமாகி இவ்வளவு காலமான பிறகும், கல்யாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் யாராவது ஒருவர் மெல்லத் தொடங்குவார்: மூன்று தலைமுறை காத்ததை மனிதர் அவுஸ்திரேலியாவுக்குப் போய் விட்டுவிட்டாரே என்று. நான் ஒவ்வொரு தடவையும், "இல்லை, முதலில குடிச்சது நான். என்னைக் காப்பாத்தத்தான் அவர் குடிச்சவர்" என்று உரக்கச் சொல்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை. "செத்த மாமாவுக்காகத் தன்ர பேரையே கெடுக்கிறா, பாருங்கோ" என்கிறார்கள். என்னை மாதிரி ஒரு மருமகள் கிடைக்க அவர் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துத் தட்டிக் கொடுக்கிறார்கள்.