ஒன்பது துறை நாட்டில் பிழை பிடித்தவர்கள்

இன்னொருவர் கட்டிப் பாதியில் விட்டுப்போன வீட்டுக்குக் கூரை போடுகிற வேலை என்னுடையது; ஒழுகினால் பேச்சு எனக்குத்தான்.

மல்லாவிச் சந்தைக்குக் கிட்ட எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. ரைப் பண்ணிக் கொடுப்பேன், லமினேற் பண்ணிக் கொடுப்பேன். அது வயிற்றுக்கு. மற்றது, கைபேசியில் கதை வாசிக்கிற ஒரு செயலியில் நான் எழுதிவரும் தொடர். அது என்னுடைய சொந்தக் கதை இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் 'ஒன்பது துறை நாடு' என்று ஒரு மாயக்கதை வந்தது. ஒன்பது துறைமுகங்கள், தண்ணீருக்குள் எரிகிற விளக்குகள், ஆட்களோடு கதைக்கிற குதிரைகள். மாலுமி இளவேலன் ஒன்பதாம் துறையைத் தாண்டிப் பனிக்குள் போகிறான், அவன் மனைவி நீலவேணி கரையில் நிற்கிறாள், கீழே 'தொடரும்' என்று போட்டார்கள். அதோடு பத்திரிகை நின்றுபோனது. எழுதினவர் புனைபெயரில் எழுதினவர். ஆரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த இதழுக்காகக் காத்திருந்த பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கடைசியில், கடையில் ஆளில்லாத மத்தியானங்களில், வாரம் ஒரு அத்தியாயமாக நானே தொடரத் தொடங்கினேன். இளவேலன் போய்ப் பதினைந்து வருசத்துக்குப் பிறகு என்று ஆரம்பித்தேன். கைபேசியில் வாசிக்க முடியாதவர்களுக்காக அச்சடித்துக் கடை மேசையில் கிளிப் போட்டு வைத்தேன். அடுத்தவரின் உலகத்துக்குள் கதை எழுதுகிற எவருக்கும் இது தெரியும்: எங்கள் வாசகர் பாராட்ட வருவதில்லை, பிழை பிடிக்க வருகிறார். என்னிடம் பிடிபட்டவற்றில் சில இவை.

குதிரையின் வேகம்

சிவராசா அண்ணை வட்டக்கச்சியில் வயல் செய்கிறவர். மகளை மல்லாவியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மகளைப் பார்க்க வந்த ஒரு நாள் ஏதோ படிவம் கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தார், கரண்ட் நின்றுவிட்டது. வரும்வரை கதிரையில் இருந்து என் ஆறாம் அத்தியாயத்தை வாசித்தார். அதில் மலைக்கோட்டைச் சனம் கோட்டையை விட்டு வெளிக்கிட்டு மூன்றாம் துறைக்குப் போகிறது. விடியப் புறப்பட்டுப் பொழுதுபடமுன் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருந்தேன்.

"இது எப்பிடிப் பிள்ளை ஒரு நாளில?" என்றார். மூலக்கதையில் குதிரைக்கு ஒரு நாள் என்று இருக்கிறது என்றேன். "குதிரைக்குச் சரி. கிழவியள், கைக்குழந்தை, ஆட்டுக்குட்டி, சட்டிபானை எல்லாம் போகுதெண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்?" பிறகு மேசையில் விரலால் ஒரு கோடு இழுத்து எனக்குக் கணக்குக் காட்டினார். முதல் நாள் ஓரளவு தூரம். இரண்டாம் நாள் பாதி, ஏனென்றால் கிணறு கண்ட இடமெல்லாம் சனம் நிற்கும். மூன்றாம் நாள் சாமான்களை றோட்டோரத்தில் வைத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்கும். நாலாம் நாள் ஒருவரோடு ஒருவர் கதைக்காது. ஐந்தாம் நாள்தான் போய்ச் சேரும் என்றார். அத்தியாயத்தை ஐந்து நாளாக்கினேன். கரண்ட் வந்தது. கொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறும்போது சொன்னார்: "பிள்ளை, சனம் ஒரு நாளில எவ்வளவு தூரம் போகுமெண்டு என்னைக் கேளுங்கோ. குதிரையைக் கேளாதேங்கோ."

இரண்டு நிலவு

முள்ளிவாய்க்கால் கரையில் கடற்தொழில் செய்கிற யேசுதாசன் அண்ணாவை நான் நேரில் கண்டதில்லை, குரலைத்தான் தெரியும். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்க மகள் பக்கத்தில் இருந்து என் அத்தியாயத்தை வாசிப்பாளாம். பிழை இருந்தால் உடனே குரல் பதிவு வரும், பின்னால் அலைச் சத்தத்தோடு. "தங்கச்சி, பத்தாம் அத்தியாயத்தில முழு நிலவு. பத்து நாள் கழிச்சுப் பதினோராம் அத்தியாயத்திலயும் முழு நிலவு. உங்கட நாட்டில ரெண்டு நிலவோ?"

எனக்கு அந்தக் காட்சியை விட மனமில்லை. நிலவை முகில் மறைத்திருந்தது என்று ஒரு வசனம் சேர்த்து, எத்தனையாம் நாள் நிலவென்று ஆருக்கும் தெரியாமல் பண்ணிவிட்டேன். என்னுடைய கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருக்க மறுநாள் அடுத்த பதிவு வந்தது: "முகில் நிலவைத்தான் மறைக்கும் தங்கச்சி. உங்கட வள்ளத்தை இழுத்துக்கொண்டு போற முழு நிலவு நாள் நீரோட்டத்தை எதால மறைக்கப் போறியள்?"

பாலைப்பழம்

வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாசகர் 'மல்லாவியான்' என்ற பெயரில் எழுதுவார். ஏழாம் அத்தியாயத்தில் வெயில்காலச் சோளகக் காற்றுக்குப் பாலைப்பழம் உதிர்கிறது. பதினைந்தாம் அத்தியாயத்தில், மாரி மழைக்குள், அதே காட்டில் பிள்ளைகள் பாலைப்பழம் தின்று வாய்ச் சொண்டு இரண்டும் பழத்தின் பாலில் ஒட்டிப்போய் நிற்கிறார்கள். மனிதர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஒரு மரம் வருசத்துக்கு இரண்டு தரம் காய்க்குமென்றால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டுமாம். அது மாயக்காடு என்று சமாளித்தேன். மாயம் பருவத்தை மாற்றலாமா, கூடாதா என்று மற்ற வாசகர்களும் சேர்ந்து நாட்கணக்கில் ஒருவரோடு ஒருவர் எழுதி அடிபட்டார்கள். களைத்துப்போய் மாரிக்காலப் பழத்தை எடுத்துவிட்டேன். அன்றைக்கே அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது: "அது கிடக்கட்டும் தங்கச்சி. இந்த முறை எங்கட பக்கம் பாலை காய்ச்சதோ?"

உப்பு வியாபாரியின் திறப்பு

பன்னிரண்டாம் அத்தியாயம் எனக்கு நிறைய நல்ல பெயர் வாங்கித் தந்தது. அதில் ஒரு உப்பு வியாபாரி முப்பது வருசத்துக்குப் பிறகு நாலாம் துறைக்குத் திரும்பி வருகிறார். இடுப்பில் முடிந்து வைத்திருந்த திறப்பை எடுத்துப் பூட்டைத் திறக்கிறார். கதவு முனகிக்கொண்டு திறக்கிறது. உள்ளே மாடத்தில் விளக்கு வைத்தது வைத்தபடி. வாசித்தவர்கள் அழுததாக எழுதினார்கள்.

ரஹீம் நானா சந்தைக்குப் பிடவை, துணிமணி கொண்டு வருகிறவர். முல்லைத்தீவுக்காரர். முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது குடும்பத்தோடு வெளிக்கிட்டுப் புத்தளத்தில் இருபது வருசத்துக்கு மேல் இருந்துவிட்டு, அவரும் ஒரு தம்பியும் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர் அந்தத் தாளை நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்துக் கவிழ்த்து வைத்தார். "நாலாம் துறையில மழை பெய்யுமெண்டு முதல் எழுதினீங்களா, இல்லையா?" எழுதினேன் என்றேன். "அப்ப கரையான்?" மாய நாட்டில் கரையான் இல்லை நானா என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

தாங்கள் திரும்பி வந்தபோது தெருவே தெரியவில்லை என்றார். மாமனாரின் அறை இருந்த இடத்தில் ஒரு வேம்பு கூரை உயரத்துக்கு வளர்ந்து நின்றதாம். கிணற்றைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து அடி அளந்துதான் தன் வீடு நின்ற இடத்தைக் கண்டுபிடித்தாராம். "அப்ப திறப்பை எடுத்துவிடட்டோ நானா?" என்று கேட்டேன். தாளைத் தொடப் போன என் கையை மறித்துவிட்டுச் சொன்னார்: "சே, திறப்பை எடுக்காதீங்க, திறப்பு சரி. எங்கட உம்மா மௌத்தாகிற வரைக்கும் தலையணைக்குக் கீழ வச்சிருந்தவ. கதவைத்தான் எடுக்கோணும்."

சட்டக் கொப்பி

அபிநயா வவுனியாவில் கம்பஸ் படிக்கிற பிள்ளை, வீடு மல்லாவி. அவளுடைய சித்தி அந்தப் பழைய தொடர் முழுவதையும் வெட்டி ஒட்டி வைத்திருந்தாவாம். அது இப்போது இவள் கையில். என்னிடம் இருப்பது ஞாபகம் மட்டும், அவளிடம் இருப்பது ஆதாரம். ஒரு மொத்தமான நோட்டுக் கொப்பியில் அந்த நாட்டின் சட்டங்களை எல்லாம் இலக்கம் போட்டு எழுதி வைத்திருந்தாள். விளக்குகள் எந்தத் தண்ணீரில் எரியும், குதிரைகள் ஆரோடு கதைக்கும், எல்லாம். இருபத்துமூன்றாம் சட்டம்: ஒன்பதாம் துறையைத் தாண்டினவர் திரும்புவதில்லை.

வாசகர்களில் பாதிப் பேர் இளவேலன் திரும்பி வரவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அபிநயா ஒவ்வொருவருக்கும் இருபத்துமூன்று என்று மட்டும் பதில் போடுவாள். ஒருநாள் கடையில் வைத்து, சனம் இவ்வளவு கேட்கிறதே, ஒருதரம் விட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கொப்பியை மூடிக்கொண்டு சொன்னாள்: "சட்டம் இல்லாட்டி அது மாயக்கதை இல்லை அக்கா. சும்மா ஆசை."

ஓடக்காரன் சொன்னது

பத்மா அக்கா சில மாதத்துக்கு ஒருதரம் ஒரே பிளாஸ்டிக் பைலோடு வருவா. கணவரின் படம், முறைப்பாட்டுத் துண்டு, வந்த கடிதங்கள். போரின் கடைசி மாதத்தில் அவரைத் தவறவிட்டவ, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா. எந்த அலுவலகம் கேட்டாலும் திரும்ப ஒரு கட்டு கொப்பி எடுக்கவேண்டும். மெசின் ஓடுகிற நேரத்தில் மேசையில் கிடக்கிற அத்தியாயத்தை வாசிப்பா. ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால், அவவை நினைத்துத்தான் ஒரு கிழமை நான் சட்டத்தை மீறினேன். இளவேலன் பனியை விலக்கிக்கொண்டு கரை ஏறுகிறான், நீலவேணி ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடிக்கிறாள். செயலியில் ஏற்றாமல், அச்சடித்து மேசையில் மட்டும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை அபிநயாவும் பத்மா அக்காவும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். அபிநயா முதலில் வாசித்துவிட்டுத் தாளைப் பத்மா அக்காவிடம் நீட்டினாள். "அக்கா, இருபத்துமூண்டை மறந்திட்டீங்களா?" என்று என்னோடு சண்டைக்கு வந்தாள். நான் மெசினைத் துடைக்கிற மாதிரி நின்றேன். பத்மா அக்கா அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்து முடித்துவிட்டு அபிநயாவை நிமிர்ந்து பார்த்தா.

"பிள்ளை, அந்தச் சட்டத்தை ஆர் சொன்னது?"

"மூலக்கதையில கிடக்கு அன்ரி."

"மூலக்கதையில ஆர் சொன்னது?"

அபிநயா கையோடு கொண்டுவந்திருந்த பழைய வெட்டுத்துண்டுகளைப் புரட்டி எடுத்து வாசித்தாள். "'தாண்டினவர் திரும்புவதில்லை அம்மணி' என்றான் ஓடக்காரன்."

"வேற எங்கயும் கிடக்கோ?"

அவள் கனநேரம் தேடினாள். எல்லாத் துண்டையும் ஒருமுறை பார்த்து, திரும்பவும் முதலில் இருந்து பார்த்தாள். "இல்லை அன்ரி. அவன் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்."

"அவன் அங்கால போய்ப் பார்த்தவனோ?"

"இல்லை. ஓடம் எட்டாம் துறையோட திரும்பிவிடும்."

"அப்ப அது சட்டமில்லை. ஓடக்காரன் சொன்னது."

அபிநயா பேனையை எடுத்துச் சட்டக் கொப்பியில் இருபத்துமூன்றாம் இலக்கத்தை வெட்டினாள். பக்கத்தில் 'ஓடக்காரன் சொன்னது' என்று எழுதினாள். எனக்கு வந்த சந்தோசத்தில், "அப்ப இதைப் போடட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"போடாதேங்கோ."

"ஏன்? அவர் வாறாரெல்லோ?"

"அவர் வரட்டும். இவ ஓடமாட்டா." தாளில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினா. "முதல் அஞ்சு வருசத்துக்குள்ள எண்டால் ஓடியிருப்பா. இப்ப தலை நரைச்சிட்டுது. அவருக்குத் தன்னைத் தெரியுமோ எண்டு யோசிப்பா. சீலையைச் சரியாக்குவா. வேற ஆரோ எண்டால் என்ன செய்யிறது எண்டு பயப்பிடுவா. எத்தினை தரம் தூரத்தில கண்டு ஓடிப்போய் வேற ஆளாப் போயிருக்கும்? அவ நிண்டு பார்ப்பா. அவர்தான் நடந்து வரவேணும்."

நான் கணினிக்கு முன்னால் இருந்தேன். அக்கா சொல்லச் சொல்ல ரைப் பண்ணினேன். அக்கா நீலவேணியை முதலில் வீட்டு வாசலில் நிறுத்தினா; அபிநயா இடையில் ஒரே ஒருதரம், அங்கே நின்றால் கரை தெரியாது என்றாள். "அப்ப கரையிலேயே நிக்கட்டும்" என்றா அக்கா. இளவேலன் ஈர மணலில் நடந்து வருகிறான், நீலவேணி நிற்கிறாள், இடையில் பத்து அடி. அந்தப் பத்து அடியை அவன் நடந்து முடிப்பதையும் நான் ரைப் பண்ணப் போனேன். அக்கா என் தோளில் கை வைத்தா. அதை இப்போது எழுதவேண்டாம் என்றா. பிறகு கொப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பைலுக்குள் வைத்தா, படத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தா. அப்படியே விட்டால் வாசகர்கள் என்னைத் தின்றுவிடுவார்கள், அடுத்த கிழமை என்ன எழுதுகிறது என்று கேட்டேன். வாசலில் செருப்பைக் கொழுவிக்கொண்டு சொன்னா: "பத்து அடிதானே தங்கச்சி, ஆறுதலா வரட்டும். நான் நிக்கிறன்."

அத்தியாயத்தை அப்படியே ஏற்றினேன். சட்டத்தை மீறிவிட்டாய் என்று பாதிப் பேரும், பாதியில் நிறுத்திவிட்டாய் என்று மீதிப் பேரும் ஏசினார்கள். முதல் பாதிக்கு அபிநயா ஓடக்காரனைக் காட்டிப் பதில் போட்டுக்கொண்டிருக்கிறாள். மற்றப் பாதிக்கு நான் இன்னும் ஒரு பதிலும் போடவில்லை.

இத்தனை பேர் இத்தனை கண் வைத்துப் பிழை பிடித்த என் தொடரில் எழுத்துப் பிழை ஒன்றை மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை, அதுவோ பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது.